புல்லு வெட்டுற மெசினுக்கும் ஒரு வரலாறு இருக்கு

வரலாறு எண்டால் எங்களில் பலருக்கு ராசாக்கள், யுத்தங்கள், ஒப்பந்தங்கள், ஆண்டுகள். கலைப்பீடத்தில் வரலாற்றை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிற நாங்களும் சோதனைக்கு அதைத்தான் பாடமாக்குகிறோம். ஆனால் ஒரு வீட்டுச் சாமானை எடுத்து, இது எங்கிருந்து வந்தது, இதை முதலில் யார் செய்தார், இது வர முன்னம் இந்த வேலையை யார் செய்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால், அந்த ராசாக்களும் சட்டங்களும் தூக்குமரங்களும் அதே சாமானுக்குப் பின்னால் வந்து நிற்கும். இந்தக் கட்டுரையில் நாங்கள் எடுத்துக்கொள்வது புல்லு வெட்டுற மெசின்.

சிரிக்க வேண்டாம். கொழும்பில் புதிதாகக் கட்டுகிற வீடுகளைப் பாருங்கோ. வாசலில் கம்பளம் மாதிரிச் சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கிற புல்லு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கலியாண மண்டபம், ஹோட்டல், வெளிநாட்டுக் காசில் எழும்புகிற வீடு, எல்லாவற்றிலும் இப்ப அது வந்துவிட்டது. 'வடிவாக இருக்கு' என்று எல்லாரும் சொல்கிறார்கள். கட்டையாக வெட்டிய, பூ இல்லாத, காய் இல்லாத, ஆடு மாடு மேயாத ஒரு பச்சை நிலம் எப்படி வடிவானது? அந்த வடிவை முடிவுசெய்தது யார்?

காட்சிக்காக வெறுமையாக்கப்பட்ட நிலம்

புற்தரை என்ற இந்த ஆசை பிறந்த இடம் மேற்கு ஐரோப்பா. மழை அடிக்கடி தூறும், வெயில் கடுமையில்லை, புல்லுத் தானாகவே செழிக்கும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் 'பச்சைக் கம்பளம்' என்றே பெயர் வைத்து ஒரு நீண்ட புற்தரையை அமைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அதை இன்னும் பெரிதாக்கினார்கள். 'கேப்பபிலிட்டி' பிரவுண் என்று அறியப்பட்ட லான்சலொட் பிரவுண் 170க்கும் மேற்பட்ட பிரபுக்களின் காணிகளில் வேலைசெய்தார். அவருடைய பாணியில் மாளிகை வாசலில் இருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லு. நடுவில் வேலி தெரியக்கூடாது. அதற்காக ஒரு தந்திரம் செய்தார்கள். மதிலைப் பள்ளத்துக்குள் இறக்கிக் கட்டினால், மாளிகையில் நிற்பவருக்கு மதில் தெரியாது, ஆடுகளாலும் மாளிகைப் பக்கம் ஏறி வர முடியாது. அந்தப் பள்ளத்துக்கு 'ஹா-ஹா' என்று பெயர்.

அந்தக் காலத்தில் ஒரு ஏக்கர் நிலத்தை உழாமல், விதைக்காமல், வெறும் பச்சையாக வைத்திருக்க முடிந்தவர் எப்படிப்பட்டவர்? அந்த நிலத்தின் விளைச்சல் இல்லாமலே வாழக்கூடியவர். 'இது எனக்குச் சாப்பாட்டுக்குத் தேவையில்லாத நிலம்' என்று ஊருக்குக் காட்டுவதுதான் அந்தப் புற்தரை.

இதே காலத்தில்தான் இங்கிலாந்தின் பொதுக்காணிகள் பறிபோயின. ஊரவர்கள் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை கொண்டிருந்த நிலங்களைத் தனியாருக்கு அடைத்துக் கொடுக்க, 1604க்கும் 1914க்கும் இடையில் பாராளுமன்றம் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. சம்பந்தப்பட்ட நிலம் ஏறக்குறைய 68 இலட்சம் ஏக்கர்.

டோர்செற் மாவட்டத்தில் மிடில்டன் என்று ஒரு சின்னப் பட்டினம் இருந்தது. அது தன் மாளிகைக்கு மிக அருகில் இருக்கிறது, காட்சியைக் கெடுக்கிறது என்று அங்கிருந்த மில்டன் பிரபு நினைத்தார். 1770களில் வீடு வீடாக உடைத்துப் பட்டினத்தையே இல்லாமல் செய்தார். சனங்களுக்குக் கொஞ்சத் தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளத்தாக்கில் மில்டன் அபாஸ் என்ற புதிய கிராமம் கட்டப்பட்டது. நிலத்தை வடிவமைக்கும் வேலையில் பிரவுணும் இருந்தார். ஒரே மாதிரியான வெள்ளை வீடுகளோடு அந்தக் கிராமம் இப்பவும் இருக்கிறது. உல்லாசப் பயணிகள் போய்ப் படம் எடுக்கிறார்கள். காணி பறிபோவது எப்படியிருக்கும், 'மாற்றுக் குடியிருப்பு' எண்டால் என்ன என்று எங்கட ஆக்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

விடிய முன்னம் எழும்பினவர்கள்

இவ்வளவு புல்லையும் யார் வெட்டினார்கள்? தூரத்து நிலத்தை ஆடுகள் பார்த்துக்கொண்டன. மாளிகைக்குக் கிட்ட இருந்த நிலத்தை மனிதர்கள் வெட்டினார்கள். ஆளுயரப் பிடி வைத்த பெரிய அரிவாளை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பித் திருப்பி வீசி வெட்ட வேண்டும். புல்லு ஈரமாக இருந்தால்தான் அரிவாள் நன்றாக வெட்டும். ஆகவே பனி காய முன்னம், விடியற்காலையிலேயே வேலை தொடங்கும். வெட்டிய புல்லைக் கூட்டி அள்ளவும் களை பிடுங்கவும் பெண்களையும் பிள்ளைகளையும் குறைந்த கூலிக்கு வைத்தார்கள். பிரபு எழும்பி யன்னலைத் திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். வேலை செய்தவர்கள் கண்ணில் படமாட்டார்கள், வெட்டிய புல்லு மட்டும் தெரியும்.

துணி ஆலையில் இருந்து வந்த யோசனை

இனி மெசினுக்கு வருவம். இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் என்ற ஊரைச் சுற்றி எல்லாம் கம்பளித் துணி ஆலைகள். கம்பளித் துணி நெய்து முடிந்ததும் அதன் மேல் நூல் முடிகள் சிலும்பிக்கொண்டு நிற்கும். அதை ஒரே மட்டமாகக் கத்தரித்தால்தான் துணி வழவழப்பாக வரும். முந்தி இதைச் செய்தவர்கள் கையில் பெரிய கத்தரிக்கோல் பிடித்த, நல்ல கூலி வாங்கிய கைத்தேர்ச்சியுள்ள தொழிலாளர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வேலைக்கும் மெசின் வந்தது. உருளை ஒன்றில் முறுக்கிய கத்திகள் பொருத்தியிருக்கும். அது சுழலும்போது கீழே அசையாமல் இருக்கும் இன்னொரு கத்தியோடு உரசி, கத்தரிக்கோல் மாதிரித் துணியின் மேல்முடியை வெட்டிக்கொண்டு போகும்.

அந்த ஆலைகளின் இயந்திரங்களோடு வேலை செய்தவர் எட்வின் பட்டிங். துணியின் முடியை வெட்டுகிற இந்த உருளையைச் சில்லில் வைத்துத் தள்ளினால் புல்லை வெட்டாதா என்று யோசித்தார். ஜோன் ஃபெராபி என்ற வார்ப்பாலை உரிமையாளரோடு கூட்டுச் சேர்ந்து 1830 ஆகஸ்ட் 31ஆம் திகதி காப்புரிமை பெற்றார். 19 அங்குல அகலமான இரும்பு மெசின். பின்னால் இருக்கும் பாரமான உருளை நிலத்தில் உருளும், பற்சில்லுகள் அந்தச் சுழற்சியைக் கத்திகளுக்குக் கொண்டுபோகும், வெட்டுப்பட்ட புல்லு முன்னால் உள்ள தட்டில் விழும். ஒருவர் பின்னால் தள்ள, தேவையென்றால் இன்னொருவர் முன்னால் இழுக்கலாம். கிட்டத்தட்ட 200 வருசத்துக்குப் பிறகும் கையால் தள்ளுகிற உருளை மெசின் இதே அமைப்பில்தான் விற்பனைக்கு இருக்கிறது.

முதலில் வாங்கியவர்களில் லண்டன் ரீஜன்ற்ஸ் பூங்காவின் மிருகக்காட்சிசாலையும் ஒன்று. அரிவாளும் விளக்குமாறும் பிடித்த ஆறு அல்லது எட்டுப் பேரின் வேலையை இந்த மெசின் செய்கிறது என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் மெச்சினார். இதை இரண்டு மாதிரி வாசிக்கலாம். மெசின் நல்லது என்று வாசிக்கலாம். ஆறு பேருக்கு வேலை போகப்போகிறது என்றும் வாசிக்கலாம். இன்னொரு விசயம், பட்டிங் தன் காப்புரிமை ஆவணத்திலேயே, நாட்டுப்புறக் கனவான்கள் இந்த மெசினைத் தாங்களே தள்ளினால் அது பொழுதுபோக்கும் நல்ல உடற்பயிற்சியுமாக இருக்கும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். விடிய முன்னம் இடுப்பு முறிய ஒருவன் செய்தால் அது கூலிவேலை. அதையே துரை செய்தால் உடற்பயிற்சி.

அதே ஆகஸ்ட் மாதம்

1830 ஆகஸ்ட் கடைசி என்ற அந்தத் திகதிதான் எங்களை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஏனெண்டால் அதே மாதத்தின் கடைசி நாட்களில், அதே இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் விவசாயக் கூலிகள் சூடடிக்கும் மெசின்களை உடைக்கத் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே வேலை கையால் கதிரடிப்பது. மெசின் வந்தால் பட்டினி. 'கப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் பண்ணைக்காரர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் போயின. சில மாதங்களில் கிளர்ச்சி தென் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அரசாங்கம் 19 பேரைத் தூக்கிலிட்டது. 600க்கு மேற்பட்டவர்களைச் சிறையில் போட்டது. கிட்டத்தட்ட 500 பேரைக் கப்பலில் ஏற்றி அவுஸ்திரேலியப் பக்கம் நாடுகடத்தியது.

துணிமுடி வெட்டுகிற மெசினும் சும்மா வரவில்லை. பட்டிங்கின் ஊருக்குப் பக்கத்து மாவட்டமான வில்ட்ஷயரில் 1802ஆம் ஆண்டு துணி வெட்டும் தொழிலாளர்கள் புதிய மெசின்களுக்கு எதிராகக் கிளம்பினார்கள். ஆலைகள் எரிந்தன. தோமஸ் ஹெலிக்கர் என்ற தொழில் பழகுகிற பெடியனைப் பிடித்து, 1803 மார்ச்சில் சோல்ஸ்பரியில் தூக்கிலிட்டார்கள். அவனுக்கு வயது 19. எங்கட கம்பஸில் முதலாம் வருசத்துக்கு வருகிற பிள்ளையளின் வயசு. பத்து வருசத்துக்குப் பிறகு யோர்க்ஷயரில் 'லடைற்' என்ற பெயரில் மெசின் உடைத்தவர்களில் முக்கியமானவர்களும் இதே துணி வெட்டும் தொழிலாளர்கள்தான்.

ஆக, முதலில் ஆலையில் துணி வெட்டியவர்களின் வேலையை அந்தச் சுழலும் கத்தி எடுத்தது. பிறகு தோட்டத்தில் புல்லு வெட்டியவர்களின் வேலையை எடுத்தது. பட்டிங்கைக் குற்றம் சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. அவரும் கைவினைஞர்தான். அந்த அரிவாள் வேலை சொர்க்கம் என்றும் சொல்ல வரவில்லை. மெசின் மிச்சப்படுத்திய உழைப்பின் பலன் யாருடைய கைக்குப் போனது என்பதுதான் கேள்வி.

புல்லுக்கு வந்த சில்லறை முதலாளிகள்

மெசின் வந்த பிறகு புற்தரை மலிந்தது. இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் கம்பனி 1832இல் உரிமம் பெற்று உற்பத்தியைத் தொடங்கியது. பெரிய மெசின்களைக் குதிரை இழுத்தது. குளம்பு பதிந்து புல்லுப் பழுதாகாமல் இருக்கக் குதிரைக்குத் தோல் சப்பாத்துப் போட்டார்கள். 1890களில் நீராவியால் ஓடும் மெசின், 1902இல் ரான்சம்ஸின் பெற்றோல் மெசின். நகரின் ஓரத்தில் சின்ன வீடு வாங்கிய குமாஸ்தாவும் பிரபுவின் மாளிகையில் ஒரு துண்டைத் தன் வாசலில் வைத்துக்கொள்ளலாம் என்றானது.

விளையாட்டும் இதோடு சேர்ந்து வளர்ந்தது. லோர்ட்ஸ் மைதானத்திலேயே முந்தி ஆட்டை மேயவிட்டுத்தான் புல்லைக் கட்டையாக்கினார்கள். 1877இல் முதலாவது விம்பிள்டன் டெனிஸ் போட்டியை நடத்தியதற்குச் சொல்லப்பட்ட காரணம், குதிரை இழுக்கும் உருளையைத் திருத்தக் காசு சேர்ப்பது. இன்றைக்கு அங்கே புல்லின் உயரம் 8 மில்லிமீற்றர்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரிப் போனது. அங்கே புற்தரை ஒரு கட்டாயமானது. 1947இல் நியூயோர்க்குக்குக் கிட்ட லெவிட்டவுன் என்ற வீட்டுத்திட்டம் தொடங்கியது. யுத்தத்தால் திரும்பிய படையினருக்காக, நாலு வருசத்தில் 17,000க்கு மேற்பட்ட வீடுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் புல்லு. வேலி போடக்கூடாது, புல்லைக் கிழமைக்கு ஒருதரம் வெட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் விதி. அதே ஒப்பந்தங்களில் ஆரம்பத்தில் இன்னொரு விதியும் இருந்தது: வெள்ளையர் அல்லாதவர் அந்த வீட்டில் குடியிருக்கக்கூடாது. வீட்டு வேலைக்காரருக்கு மட்டும் விலக்கு. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்த வரியை எடுத்தார்கள். ஆனாலும் கறுப்பர்களுக்கு வீடு விற்கவில்லை. புல்லு எவ்வளவு நீளம், அயலவர் என்ன நிறம், இரண்டையும் ஒரே கடதாசியில் ஒழுங்குபடுத்திய சமூகம் அது.

அந்தக் காலத்தில்தான் 2,4-டி என்ற களைகொல்லியும் சந்தைக்கு வந்தது. அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லைக் கொல்லாது. அதுவரை வெள்ளைக் குளோவர் என்ற சின்னச் செடியின் விதையைப் புல்விதையோடு கலந்தே விற்றார்கள். அது காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும், புல்லுக்கு இலவச உரம். ஆனால் மருந்து அடித்தால் அதுவும் செத்துவிடும். மருந்தை விடுவதற்குப் பதிலாகக் குளோவரைக் 'களை' ஆக்கிவிட்டார்கள். பிறகு இல்லாமல் போன நைதரசனுக்கு உரப்பை வாங்க வேண்டி வந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் நீர்ப்பாசனம் செய்யப்படுகிற எந்தப் பயிரையும் விட அதிக நிலத்தில் நிற்பது இந்தச் சாப்பிட முடியாத புல்லு.

அவுஸ்திரேலியக் கதையில் ஒரு முரண் இருக்கிறது. 1952இல் சிட்னியில் மேர்வின் விக்டர் ரிச்சட்சன் என்பவர் தன் வீட்டுக் கராஜில், பழைய பீச் பழ ரின் ஒன்றையே எரிபொருள் தாங்கியாக வைத்து, கத்தி கிடையாகச் சுழலும் இலேசான மெசின் ஒன்றைச் செய்தார். அது 'விக்டா' என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவியது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஆடினார்கள். மெசின் உடைத்ததற்காக இங்கிலாந்து ஆட்களை நாடுகடத்திய தேசத்தில், ஒரு மெசின் தேசிய அடையாளமானது.

எங்கட பக்கம்

இலங்கைக்கு இந்தப் புல்லு வந்தது பிரித்தானியரோடு. 1859இல் காலிமுகத்திடல் உலாவும் இடமாகத் திறக்கப்பட்டது. 1889இல் நுவரெலியாவில் கோல்ப் கழகம் தொடங்கியது. மலையகத் தோட்டங்களில் துரை பங்களாவின் முன்னால் அகன்ற புற்தரை. அதை வெட்டிப் பராமரித்தவர்களோ 10க்கு 12 அடி லயக் காம்பராவில் குடும்பத்தோடு இருந்தார்கள். பல பங்களாக்கள் இப்ப ஹோட்டல்கள். புல்லு அப்படியே இருக்கிறது. லயங்களும் அப்படியே இருக்கின்றன.

யாழ்ப்பாண முற்றத்தின் வடிவு இதற்கு நேர் எதிரானது. விடியக் கூட்டி, தண்ணி தெளித்து, ஈர்க்குமாறு போட்ட கோடு தெரிகிற வெறும் மண் முற்றம். பாம்பு பூச்சி வந்தால் கண்ணில் படும். நெல்லுக் காயப்போடலாம், மிளகாய் பரப்பலாம், சாவீட்டுக்கும் கலியாணத்துக்கும் பந்தல் போடலாம். முற்றத்தில் புல்லு முளைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்த வீட்டில் ஆட்கள் இல்லை. இடம்பெயர்ந்து திரும்பிப் போனவர்கள் முதலில் செய்தது முற்றத்துப் புல்லைச் செருக்கியதுதான். ஒரு தலைமுறைக்குள் அதே முற்றத்தில் காசு கொடுத்துப் புல்லுப் பதிக்கிறோம். அதேநேரம் ரொறன்ரோவில் இருக்கிற எங்கட மாமாமார், புல்லு 20 சென்ரிமீற்றரைத் தாண்டினால் மாநகரசபை கடிதம் அனுப்பும் என்று சனிக்கிழமைகளில் மெசினைத் தள்ளுகிறார்கள்.

சரி, வாங்கத்தான் போறீங்கள் எண்டால்

புல்லே வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. பிள்ளையள் விழுந்து விளையாட, வயசானவர்கள் வெறுங்காலோடு நடக்கப் புற்தரை நல்லது. ஆகவே வரலாறு சொல்லித்தருகிற சில விசயங்களையும் சொல்லிவிடுகிறோம்.

சின்ன, மட்டமான முற்றத்துக்குக் கையால் தள்ளும் உருளை மெசினே போதும். அது கத்தரிக்கோல் மாதிரி வெட்டும், சத்தமில்லை, பெற்றோல் இல்லை. கல்லும் தடியும் கிடக்கிற இடத்துக்கும் நீண்டு வளர்ந்த புல்லுக்கும் அது சரிவராது. அங்கே கத்தி கிடையாகச் சுழலும் மெசின் வேண்டும். அது வேகத்தால் அடித்து வெட்டுவது. கத்தி மொட்டையானால் புல்லு கிழிந்து நுனி பழுப்பாகும், ஆகவே கத்தியை அடிக்கடி தீட்டுங்கோ. எந்த மெசின் என்றாலும் ஒரு தரத்தில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். விம்பிள்டன் உயரம் விம்பிள்டனுக்கு. எங்கட வெயிலில் கொஞ்சம் உயரமாக விட்டால் வேர் ஆழமாகப் போகும், மண் காயாது. வெட்டிய சின்னத் துணுக்குகளை அங்கேயே விட்டால் அதுவே உரம். இடையில் ஒரு தொட்டாச்சிணுங்கியோ சின்னப் பூவோ முளைத்தால் உடனே மருந்து வாங்க ஓட வேண்டாம். அதைக் களை என்று உங்களுக்குச் சொன்னவர் மருந்து விற்கிறவராக இருக்கலாம்.

முக்கியமானது தண்ணி. யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. கிணற்றுக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லில் தேங்கி நிற்கும் மழைத்தண்ணிதான் குடிக்கவும் தோட்டத்துக்கும். மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். மழை தூறிக்கொண்டே இருக்கிற நாட்டின் வடிவைத் தை, மாசிக்குப் பிறகு மழையே காணாத மண்ணில் பிடித்து வைக்க, ஊர்க் கிணறுகள் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பாருங்கோ. அமெரிக்காவின் நெவாடா மாநிலமே 2021இல் சட்டம் போட்டு, தென்பகுதியில் சும்மா அழகுக்காக இருக்கும் புல்லை 2026 முடிவுக்குப் பிறகு ஆற்றுத் தண்ணியால் வளர்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. அவர்கள் கைவிடத் தொடங்கியதை நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம்.

முற்றத்தில் ஒரு துண்டுப் புல்லு, பக்கத்தில் ஒரு வேம்பு, மிச்சம் கூட்டிப் பெருக்கிய மண். எங்களைக் கேட்டால் எங்கட வெயிலுக்கும் கிணற்றுக்கும் பொருந்துகிற வடிவு அதுதான். அந்தத் துண்டை வெட்ட வருகிற அண்ணைக்கு நாட்கூலியைக் குறைக்காமல் கொடுங்கோ. வெயில் ஏற முன்னம் வந்து, தோளில் மெசினைத் தொங்கவிட்டு, நீங்கள் எழும்ப முன்னம் வேலையை முடித்துவிட்டுப் போகிறவர் அவர்.